பன்னிரண்டடிக் குறிஞ்சி

மலை செய்யத் தெரியுமா என்று எவரேனும் வினவினால், தெரியும் என்று துணிந்து விடை கூறக்கூடிய மிகச் சிலருள் நானும் ஒருவன். வீடு கட்டத் தெரிந்தோர் ஊரெங்கும் உளர். பாட்டுக் கட்டத் தெரிந்தோர் நம் துறையிலேயே பலர் உளர். மலை கட்டியவர் அரியர். என் மலை பன்னிரண்டு அடி நீளமும் மூன்றடி அகலமும் உடையது. எங்கள் வீட்டு மாடியறையில் வடக்குச் சுவரை ஒட்டி நிற்கிறது. அதன்மேல் ஒரு ரயில் பாதை. பாதையின்மேல் மரத்தில் செதுக்கிய ஓர் எஞ்சினும் இரண்டு பெட்டிகளும். எஞ்சின் ஓடாது. இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஓடாத ரயிலுக்கு எதற்கு இத்துணைப் பெரிய மலை என்று கேட்காதவர் என் உறவினருள் எவருமிலர்.

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, வழக்கம்போல் அகப்பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு உவமை நயம் எழுதித் தந்துவிடலாம் என்றே எண்ணினேன். ஆனால் முப்பதாண்டுக் காலம் வகுப்பறையில் குறிஞ்சித்திணையை நடத்திய எனக்கு, அத்திணை உண்மையில் விளங்கியது மாடியறையில், மைதாப் பசையும் பழைய செய்தித்தாளும் கையில் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான். ஆகவே அதனையே எழுதத் துணிந்தேன்.

மாதிரி ரயில் அமைப்பது மேலைநாட்டாரின் பொழுதுபோக்கு. 1996-ஆம் ஆண்டு கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'மாடல் ரெயில்ரோடர்' இதழ்கள் ஒரு கட்டு கிடைத்தன. இலக்கண நூல் தேடிப் போனவன் அவற்றைச் சுமந்துகொண்டு திரும்பினேன். அதுவரை மாதிரி ரயில் என்றால் வட்டமான தகரப் பாதையில் சுற்றிச் சுற்றி வரும் விளையாட்டுப் பொருள் என்பதே என் எண்ணம். அவ்விதழ்களிலோ ரயிலைக் காட்டிலும் நிலமே பெரிதாக இருந்தது. கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் ஜான் ஆலன் என்பவர் தம் வீட்டில் தரையிலிருந்து கூரைவரை மலைகளை எழுப்பியிருந்தார். 1973-ஆம் ஆண்டு சனவரியில் அவர் இறந்த சில நாள்களிலேயே அவ்வமைப்பு தீக்கு இரையாயிற்று. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் புகைப்படங்களே. இங்கிலாந்தில் ராய் இங்கிலாந்து என்ற ஆஸ்திரேலியர் ஒருவர், தாம் நேசித்த பள்ளத்தாக்கின் பழைய குடிசைகள் உருமாறி அழிவதைக் காணப் பொறாமல், 1930-களில் அவற்றைச் சிற்றுருவில் செய்யத் தொடங்கினார். அவர் தொடங்கிய பணி பெண்டன் அருங்காட்சியகமாக ஆக்ஸ்போர்டுஷயரில் இன்றும் நின்று வளர்கிறது. ஒருவரது மலை எரிந்தது. மற்றவரது ஊர் நிலைத்தது. இவ்விருவரையும் படித்தபின் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

எதைச் செய்வது என்பதில் ஐயம் எழவில்லை. என் அத்தா நீலகிரி மலைரயில் பாதையில் கீமேனாக முப்பதாண்டு பணியாற்றி, 1988-இல் ஓய்வுபெற்றவர். கீமேன் என்பவர் நாள்தோறும் தமக்குரிய தொலைவைக் கால்நடையாகவே கடந்து, தண்டவாளத்தின் ஆப்புகளையும் திருகாணிகளையும் பார்த்து, தளர்ந்தவற்றைச் சுத்தியலால் இறுக்கி, ஐயமுண்டானால் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்த வேண்டியவர். என் இளமை கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளுக்கு இடையே கழிந்தது. அத்தாவின் காக்கிச் சட்டையில் எப்போதும் எண்ணெயும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனை இருக்கும்.

பாதையைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899-இல் திறக்கப்பட்டது. உதகை வரை 1908-இல் நீட்டிக்கப்பட்டது. பதினாறு குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள் என்று கணக்குச் சொல்வர். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையேதான் ஏற்றம் மிகக் கடிது. ஏறத்தாழப் பன்னிரண்டு அடி சென்றால் ஓரடி உயர்வு. வெறுஞ்சக்கரம் அங்கே வழுக்கும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களையுடைய இரட்டைச் சட்டங்களைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைப் பற்றி ஏறுமாறு செய்தனர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை அது. எஞ்சின் முன்னின்று இழுப்பதில்லை; கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளிச் செல்கிறது.

இதனைச் சிற்றுருவாக்க 1-க்கு 87 என்னும் அளவைக் கொண்டேன். ஒரு மனிதன் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அறுபதடி மரம் எட்டு அங்குலம். கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள பாதையை அவ்வளவில் செய்தால் இருநூறு மீட்டருக்கு மேற்பட்ட கூடம் வேண்டும். என்னிடம் இருந்ததோ பன்னிரண்டு அடிச் சுவர். அதில் அடங்குவது மெய்யான மலையில் சுமார் 320 மீட்டர். ஹில்குரோவ் நிலையத்திற்கு மேலே ஒரு வளைவு, ஒரு சிறுபாலம், ஒரு தடுப்புச்சுவர், ஒரு குகைவாய் என்று வரையறுத்துக்கொண்டேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாதை சரியாக ஓரடி உயர்ந்தது. மலைரயிலின் ஏற்றம் என் மேசையின் நீளத்திற்காகவே வகுக்கப்பட்டதுபோல் தோன்றி, அன்று முழுதும் களிப்புற்றிருந்தேன்.

இவ்வேலையில் ஒரு முரண் உண்டு. மெய்யுலகில் மலை முன்னது, பாதை பின்னது. மாதிரி அமைப்பில் பாதையே முன்னது. மரச்சட்டகம் கட்டி, ஒட்டுப்பலகை நறுக்கி, தண்டவாளத்தைப் பதித்து, ஏற்றமும் வளைவும் சரியாக உள்ளனவா என்று பார்த்த பின்னரே அதனைச் சுற்றி மலை எழுப்பப்படும். இவ்வரிசையில் செய்யும் எவருக்கும் ஒரு பிழை நேரும். பாதைக்கு இடம்விட்டு இருபுறமும் மலை ஒதுங்கி நிற்கும். நாற்காலியில் அமர்ந்தவருக்கு வசதியாக மேசை நகர்ந்துகொள்வதுபோல. எனக்கும் அது நேர்ந்தது.

செய்முறை எளிதுதான். கெட்டி அட்டையைப் பட்டைகளாக வெட்டி, கூடை முடைவதுபோல் குறுக்கும் நெடுக்கும் பின்னி, சட்டகத்தின் விளிம்பிலிருந்து உச்சிவரை ஒட்ட வேண்டும். அவ்வலையின்மேல் பசை தோய்த்த செய்தித்தாள் இரண்டு மூன்று அடுக்கு. அதன்மேல் பாரிஸ் சாந்துக் கரைசலில் நனைத்த கட்டுத்துணி. சாந்துத் தூளைத் தண்ணீரில் தூவிக் கரைக்க வேண்டுமே ஒழிய, தூளின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது. ஊற்றினால் கட்டி கட்டும். கரைத்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது இறுகும். இறுகும்போது கையில் இளஞ்சூடு தெரியும். அமெரிக்க இதழின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் இவ்வகைக் கெட்டி ஓட்டு மலையைப் பரப்பியவருள் தலையாயவர். அவர் காகிதத் துவாலையை நனைத்தார். நம் ஊரில் மருந்துக்கடைக் கட்டுத்துணி மலிவு. மூன்று மாதத்தில் என் மலை வெள்ளை வெளேரென எழுந்து நின்றது. அதற்கு இலைப்பச்சை வண்ணம் தீட்டி, பெருமிதத்துடன் அத்தாவை மாடிக்கு அழைத்தேன்.

அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "பாதை சரியா இருக்கு தம்பி. மலை எங்கே?" என்றார்.

நான் சுட்டிக்காட்டினேன்.

"இது பாதைக்குப் போட்ட மெத்தை. மலை இப்படியா வழிவிடும்? அது நம்மைக் கேக்காம நின்னுக்கிட்டிருக்கும். நாமதான் வெட்டணும். வெட்டின இடத்துல காயம் தெரியணும். அப்புறம், மலை எப்போப்பா இந்தப் பச்சையில இருந்துச்சு?"

அன்றிரவு வெறுப்புடன் படுத்தவன், மறுநாள் காலையில் சுத்தியலை எடுத்து மலையில் பாதியை உடைத்தேன். இரண்டாம் முறை பாதையே இல்லை என்று எண்ணிக்கொண்டு சரிவை உச்சியிலிருந்து பள்ளம்வரை ஒரே ஓட்டமாக அமைத்தேன். பாதை அதில் புதைந்துபோயிற்று. பின்னர்க் கத்தியால் மலையை வெட்டிப் பாதையை வெளிக்கொணர்ந்தேன். மேற்பக்கம் வெட்டுப் பாறை; கீழ்ப்பக்கம் கொட்டிய மண்ணைத் தாங்கும் கல்சுவர். இப்போது மலை முந்தியது, பாதை பிந்தியது என்பது பார்த்தவுடன் விளங்கியது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று ஏன் வகுத்தார் என்பதை நான் பல்லாண்டு மாணவர்க்கு விளக்கியிருக்கிறேன். பிறவெல்லாம் அதன்மேல் நிற்பவை என்பதனைச் சுத்தியல் பிடித்த அன்றே நம்பினேன்.

கருப்பொருளுக்கு வந்தபோது வீட்டில் பூசல் மூண்டது. தரைக்குத் தூவும் மண் மெய்யான மண்ணாகவே இருத்தல் நலம். எவ்வண்ணமும் அதற்கு ஈடாகாது. கல்லாற்றிலிருந்து ஒரு பை மண் கொண்டுவந்து, என் மனைவியின் மாவுச் சல்லடையில் சலித்து, பூச்சி முட்டைகள் அழியுமாறு அவருடைய வடச்சட்டியில் வறுத்தேன். வடச்சட்டி அதன்பின் சமையலறைக்குத் திரும்பவில்லை. புதிது வாங்கித் தர நேர்ந்தது. சலித்த மண்ணில் காந்தத்தை ஓட்டி இரும்புத் துகள்களை நீக்க வேண்டும் என்று இதழ் கூறிற்று; அவை எஞ்சினின் மோட்டாரில் ஏறிவிடுமாம். நான் அதனையும் பயபக்தியுடன் செய்ததைக் கண்ட அத்தா, "ஓடாத எஞ்சினுக்குக் காந்தம் வேறயா?" என்று சிரித்தார்.

மண்ணையும் ஜல்லியையும் ஒட்டவைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. இதனைக் கற்க எனக்கு ஓராண்டாயிற்று. ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினால், துளி துளியாக உருண்டு மண்ணைக் குழிபறித்துவிடும். முதலில் தண்ணீரை மென்மையான பூந்தூறலாகத் தெளித்து மண்ணை ஈரமாக்க வேண்டும். பசைக் கரைசலில் பாத்திரம் துலக்கும் சோப்பு நீர் ஒரு துளி விட வேண்டும். அப்போது கரைசல் உருளாமல் மண்ணுக்குள் தானே இறங்கும். காய்ந்தபின் கல்போல் நிற்கும், ஆனால் ஒட்டியதாகத் தெரியாது.

பாறைக்குக் கசக்கிய அலுமினியத் தாளில் சாந்து வார்த்தேன். நிறம் தீட்டுவதில் பச்சையைப் போலவே கறுப்பும் ஏமாற்றும். கரும்பாறை என்று கறுப்பைப் பூசினால் அது நிலக்கரிக் குவியலாகிவிடும். மிகுந்த நீரில் கலந்த காவி, மஞ்சட்காவி, கறுப்பு மூன்றையும் ஆங்காங்கே புள்ளியாக விட்டு, அவை ஒன்றோடொன்று கலந்து வெடிப்புகளில் தாமே ஓடி நிற்குமாறு விட்டுவிட வேண்டும். எட்ட இருக்கும் பொருள் வெளிறித் தோன்றும் என்பதால் சிற்றுருவின் நிறம் மெய்ந்நிறத்தைக் காட்டிலும் ஒரு படி மங்கியிருத்தல் வேண்டும். இலைப்பச்சையோடு பழுப்பும் சாம்பலும் சேர்த்தேன்; சுவரில் எழுதிய பின்மலைகளுக்கு நீலமும் வெள்ளையும் மட்டுமே. பின்வரிசை மரங்களை முன்வரிசை மரங்களிற் பாதி உயரமாக்கியதும், மூன்றடி அகலம் மூன்று கல் தொலைவாயிற்று.

மரங்களுக்குக் காய்ந்த பூச்செடிகளின் கிளைக்கொத்தும், சாயமேற்றிய மரத்தூளும், பழைய மெத்தைப் பஞ்சுறையை அரைத்த தூளும் பயன்பட்டன. இடையிடையே உண்ணிச்செடியை வைத்தேன். அது சங்கப் புலவர் காணாத செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளில் பரவியது. குறிஞ்சிக் கருப்பொருள் பட்டியலில் அதற்கு இடமில்லை என்று ஒரு நண்பர் நகைத்தார். பட்டியலுக்காக மலை செய்யவில்லை என்றேன். காட்டுத் தரையில் உதிர்ந்து மக்கிய சருகுக்கு, வடிகட்டியபின் எஞ்சும் தேயிலைத்தூளை வெயிலில் உலர்த்தித் தூவினால் அதனினும் சிறந்தது பிறிதில்லை. நீலகிரித் தேயிலை நீலகிரிக்கே திரும்பியது என்று மகிழ்ந்து, சரிவெங்கும் தாராளமாகத் தூவினேன்.

இதற்குள் இரண்டாண்டு கழிந்திருந்தது. அத்தா நாள்தோறும் அந்திவேளையில் மாடிக்கு வருவார். கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு மேசையின் கீழ்முனையிலிருந்து மேல்முனைக்கு மெதுவாக நடப்பார், பிறகு திரும்புவார். பன்னிரண்டு அடியில் அவருடைய பழைய ரோந்து. ஒவ்வொரு நாளும் ஒரு குறை சொல்வார். தடுப்புச்சுவரில் நீர் கசியும் துளைகள் இல்லை என்பார், ஊசியால் குத்துவேன். துளைக்குக் கீழே பாசிக்கோடு வேண்டும் என்பார். பச்சை நீரை ஒரு மயிரிழை ஒழுகவிடுவேன். சுவருக்குப் பின்னே நீர் தேங்கினால் சுவர் எத்துணைப் பருமனாயினும் நில்லாது, ஆகவே துளைதான் சுவர் என்பது அவர் வாக்கு. பாறை உருளுமா என்று கேட்டால், "பாறை தானா உருளாது. தண்ணி தள்ளும்" என்பார்.

அவர் கேட்டவற்றுள் ஒன்று மேல்வாய்க்கால். வெட்டுப் பாறைக்கும் மேலே, சரிவின் குறுக்கே, மழைநீரைத் தடுத்துப் பக்கவாட்டில் சிறுபாலத்திற்குத் திருப்பிவிடும் சிறு கால்வாய் அது. பெட்டியில் செல்லும் பயணியர் கண்ணில் படாது. நானே மறந்திருந்தேன். விரற்கடை அகலத்தில் அதனைச் செதுக்கி, கல்பாவி, பிற இடங்களைப் போலவே சருகுத் தேயிலையைத் தூவி, பசையிட்டு முடித்தேன். மெய்யாகவே அழகாக அமைந்தது. என் வேலையில் யான் கர்வம்கொண்ட பகுதி அதுவே.

1998-ஆம் ஆண்டு ஐப்பசி. மழை இரண்டு நாளாக விடவில்லை. மின்சாரம் இல்லை. கைவிளக்குடன் மாடிக்கு வந்த அத்தா வாய்க்காலருகே விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார்.

"ஏன் தம்பி, வாய்க்கால்ல சருகு கிடக்கு?"

காட்டில் சருகு விழத்தானே செய்யும், இயற்கையாக இருக்கட்டும் என்று தூவினேன் என்றேன்.

அவர் மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னவற்றை அவருடைய சொல்லிலேயே எழுத எனக்கு இயலவில்லை. பொருளை மட்டும் எழுதுகிறேன். பல்லாண்டுகளுக்கு முன், இதே போன்ற ஐப்பசி மழையில், ஒருநாள் மாலை தம் எல்லையின் கடைக்கோடியில் மேல்வாய்க்கால் ஒன்றில் சருகும் ஒடிந்த கிளையும் அடைத்திருப்பதைக் கண்டார். ஏறிச் சென்று நீக்க அரைமணி நேரம் ஆகும். காலில் அட்டை கடித்து இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று காய்ச்சல் என்று வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார். இரவெல்லாம் மழை கொட்டியது. உறக்கம் வராமல் விடியுமுன்னரே விளக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வளைவு திரும்புமுன் பச்சை மண் வாசனை முகத்தில் அடித்ததாம். நின்று விளக்கை உயர்த்தினார். தண்டவாளம் இருந்தது, அதன்கீழ் மண் இல்லை. கட்டைகள் நூலேணியின் படிகளைப்போல் வெறும் வெளியில் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே தண்ணீரின் ஓசை மட்டும் கேட்டது. வந்த வழியே ஓடி நிலையத்தில் சொன்னார். காலை வண்டி மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிட்டது. ஒருவருக்கும் தீங்கில்லை.

எல்லாரும் அவரைப் பாராட்டினர். விடியுமுன்னரே புறப்பட்டதற்காகச் சிறிதளவு பணமும் பரிசாக வந்ததாம். முந்தின நாள் மாலையில் தாம் வாய்க்காலைப் பார்த்ததை அவர் எவரிடமும் சொல்லவில்லை. எங்கள் அம்மாவிடமும் சொல்லவில்லை.

"அந்தக் காசுலதான் உனக்குக் கோவையில முதல் சட்டைத்துணி எடுத்தேன்" என்றார்.

அச்சட்டை எனக்கு நினைவிருக்கிறது. நீலக் கட்டம் போட்டது.

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாய்க்காலைச் சுத்தம் செய்திருந்தாலும் மலை சரிந்திருக்கலாம், அத்துணை மழைக்கு ஒரு வாய்க்கால் எம்மாத்திரம் என்றேன். இருக்கலாம் என்று தலையசைத்தார். ஒத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. என் அம்மாவின் பெட்டியிலிருந்து ஒரு தையலூசியை எடுத்துவந்து, விளக்கை அருகில் வைத்துக்கொண்டு, வாய்க்காலில் ஒட்டியிருந்த தேயிலைத்தூளை ஒவ்வொன்றாகக் கிளறி எடுக்கத் தொடங்கினார். ஃபெவிகால் காய்ந்தால் எளிதில் விடாது. நான் ஈரத்துணி வைத்து இளக்கித் தருகிறேன் என்றபோது வேண்டா என்று கையசைத்தார். இரண்டு மாலைப்பொழுதுகள் அவ்வேலை நடந்தது. மூன்றாம் நாள் வாய்க்கால் கழுவிவிட்டதுபோல் இருந்தது. சுற்றிலும் சருகு மூடிய காட்டில் அந்த ஒரு கோடு மட்டும் வெளிறித் தெரிந்தது. சிற்றுருக் கலையின் இலக்கணப்படி அது குற்றம். பார்வையிட வந்த ஓவிய ஆசிரியர் ஒருவர், அந்த இடம் மட்டும் முடிவுபெறவில்லையே என்று கேட்டார். ஆம் என்றேன்.

குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். இதனை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடும் நான், என் மலைக்கு மட்டும் மாசி மாதத்துக் காலை வெயிலை அமைத்திருந்தேன். ரயில் நன்றாகத் தெரிய வேண்டுமே! அத்தாவின் மலையோ கூதிரும் யாமமுமாகவே முப்பதாண்டு இருந்திருக்கிறது. அதன்பின் வானத்தை மாற்றி எழுதினேன். மஞ்சள் விளக்கை நீக்கி, மங்கிய நீலத்தாள் சுற்றிய சிறுவிளக்கைப் பொருத்தினேன். பாறைகளுக்கு வார்னிஷ் பூசி ஈரமாக்கினேன். மலைமேல் ஏறிக்கொண்டிருந்த வண்டியைக் கீழ்முனைக்கு இறக்கி நிறுத்தினேன். வளைவுக்கு முன்னே இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், கையில் விளக்குடன் ஓர் உருவம் வைக்க வேண்டும் என்று தோன்றியது. செதுக்கியும் பார்த்தேன். அத்தா அதனைக் கையில் எடுத்து, "இவ்வளவு நிமிர்ந்தா நிப்பேன்?" என்று சொல்லித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது திரும்ப மலைக்கு வரவில்லை.

அவர் 2003-ஆம் ஆண்டு காலமானார். இரண்டாண்டு கழித்து, 2005-இல், யுனெஸ்கோ நீலகிரி மலைரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அச்செய்தி வந்த நாளேட்டில் பாலமும் எஞ்சினும் படமாக வந்திருந்தன. மேல்வாய்க்கால் எப்படத்திலும் இல்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மலைச்சரிவுகள் ஏற்பட்டு நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில் பாதையும் சேதமுற்று வண்டிகள் நின்றன. தொங்கும் தண்டவாளத்தின் படத்தைத் தொலைக்காட்சியில் கண்டபோது, நூலேணி என்று அத்தா சொன்ன சொல்லைத் தவிர வேறெதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

என் மலைக்கு இப்போது வயது முதிர்ந்துவிட்டது. மழைக்காலத்து ஈரத்தில் அட்டை உப்பி, சாந்து வெடிக்கிறது. வார்னிஷ் ஆங்காங்கே வெளுத்துவிட்டது. வெடிப்பு ஒவ்வோராண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில், வளைவுக்குச் சற்று மேலே தோன்றுகிறது. அங்கே சட்டகத்தின் இரு பலகைகள் கூடுகின்றன, வேறு காரணமில்லை. சாந்து குழைத்து அடைத்து, சலித்த மண்ணைத் தூவிப் பசையிடுவேன். அதற்கென்று பழைய வடச்சட்டியில் ஒரு பிடி கல்லாற்று மண் இன்னும் இருக்கிறது. மரங்கள் சில உதிர்ந்துவிட்டன, புதிதாக நடவில்லை.

இவ்வாண்டும் ஐப்பசி பிறக்குமுன் மாடிக்குச் சென்று, பழைய பல் துலக்கும் தூரிகையால் வாய்க்காலைத் துடைத்தேன். சிறுபாலத்தின் வாயில் சிலந்தி ஒன்று வலை கட்டியிருந்தது. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. அதனையும் எடுத்துவிட்டேன்.